தூக்காத சுமை

செல்லச்சாமிக்கு றிஸ்வி முப்பத்தையாயிரம் ரூபாய் கடன். வட்டியும் கிடையாது, எழுத்தும் கிடையாது. கண்டி மார்க்கெட்டில், மக்கீன் முதலாளியின் உருளைக்கிழங்குக் கடை வாசலில், மத்தியானச் சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற நேரத்தில் கைமாறிய காசு அது. வண்டி ஓட்ட லைசன் எடுக்க வேண்டும் என்று கேட்டான் பொடியன். செல்லச்சாமிக்கு முந்தின நாள்தான் சீட்டுக் காசு கிடைத்திருந்தது. மடியை அவிழ்த்தார், கொடுத்தார்.

"எப்படா திருப்பித் தருவ?"

"லைசன் வந்தா முதலாளிட பட்டா லொறி எனக்குத்தான் செல்லண்ணே. சம்பளம் வரட்டும், உங்கட கையில எண்ணித்தான் வெப்பேன். சுருட்டித் தந்துட்டு ஓடுற ஆள் நான் இல்ல."

"எண்ணத் தெரியுமாடா உனக்கு?"

"இந்த விரல் பத்தும் என்னத்துக்கு இரிக்கி?" என்று இரண்டு கையையும் விரித்து முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டினான் றிஸ்வி. கடை வாசலே சிரித்தது. அந்த விரல்கள் ஆடிய ஆட்டத்தைப் பிறகு பல மாதம் செல்லச்சாமியால் நினைக்கவே முடியவில்லை. நினைத்தால் சோறு இறங்காது.

செல்லச்சாமியைத் தெரியாது என்று சொல்பவனுக்குக் கண்டி மார்க்கெட் தெரியாது என்று அர்த்தம். மஹய்யாவையில் நகரசபைத் தொழிலாளர்களின் லய வரிசை வீட்டில் பிறந்தவர். தகப்பன் தெருக்கூட்டும் தொழிலாளி. நாலாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவிட்டு, அரும்பு மீசை முளைக்கும் முன்பே கூடை சுமக்க வந்தவர். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவனை நாட்டாமி என்பார்கள். அப்படி நாட்டாமிகள் நூறு பேர் வந்தார்கள், போனார்கள். செல்லச்சாமி மட்டும் நின்றார். ஒரு கல்யாண வீட்டுக்காக இரும்பு அலுமாரியை மஹய்யாவைப் படிக்கட்டு முழுக்கத் தனி ஆளாக முதுகில் ஏற்றியவர் அவர். பாதி வழியில் ஓய்வெடுக்கச் சொன்னவனிடம், "இறக்குனா மறுபடி தூக்கணும், யாரு தூக்குறது, நீயா?" என்று கேட்டுவிட்டு ஏறியவர். தூக்கிய காசில் வீட்டுக்குத் தரை ஓடு பதித்தார். தூக்கிய காசில் மகள் பாலாம்பிகையை டீச்சராக்கினார். எந்த முதலாளியிடமும் கை நீட்டிக் கடன் கேட்டதில்லை, கொடுத்துத்தான் பழக்கம். ஐம்பத்தெட்டு வயதிலும் அவர் முதுகைத் தட்டினால் பலாக்கட்டையைத் தட்டிய மாதிரி சத்தம் வரும் என்பார்கள். அவரும் தட்டிக் காட்டுவார்.

நாட்டாமிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கேயாவது ஒரு சாமான் சரிந்து "ஹோ!" என்று ஒருவன் கத்திவிட்டால், கேட்டவன் எல்லாம் ஓட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக் கூடாது. குனிந்து, கை கொடுத்து, தூக்கிவிட வேண்டும். யோசிக்கிறவன் நாட்டாமியில்லை. அந்தப் பழக்கம்தான் வீரய்யாவை முடக்கியது.

வீரய்யா செல்லச்சாமியின் ஜோடி. இருபது வருஷம் ஒரே லொறியில் இரண்டு பக்கமும் நின்று இறக்கியவர்கள். ஒருநாள் வெங்காய லொறியின் உச்சியிலிருந்து வீரய்யா மல்லாக்க விழுந்தார். "ஹோ!" என்று சத்தம் கேட்டது. ஓடி வந்தார்கள். ஒருவன் கக்கத்தில் கைகொடுத்தான், இருவர் காலைப் பிடித்தார்கள், ஒருவன் இடுப்பை. திரீவீலரின் சின்ன சீட்டில் அந்த ஆறடி மனுஷனை முழங்கால் நெஞ்சில் முட்ட மடக்கித் திணித்துக்கொண்டு, ஹோர்னை அமுக்கியபடியே ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அன்பில்தான் செய்தார்கள். ஒருத்தன் மனதிலும் கள்ளமில்லை. வீரய்யா அதற்குப் பிறகு எழுந்து நடக்கவில்லை.

அன்றைக்கு செல்லச்சாமி ஊரில் இல்லை, ஒரு கருமாதிக்காக நாவலப்பிட்டி போயிருந்தார். திரும்பி வந்து, வார்ட்டில் வீரய்யாவின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகையிலும் பெருமை போகவில்லை.

"நான் மட்டும் அங்க இருந்திருந்தா இத்தனை பேரு எதுக்கு? ஒத்த ஆளா தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வந்திருப்பேன்."

பக்கத்தில் மருந்து வைத்துக்கொண்டிருந்த அன்னலட்சுமி மிஸ்ஸி திரும்பிப் பார்த்தாள். அந்த வார்ட்டுத் தாதி, மாத்தளைப் பக்கத்துப் பெண், வாய் கொஞ்சம் காரம்.

"நல்லவேளை நீங்க இல்ல ஐயா. அங்க தூக்கத் தெரிஞ்ச ஆளுங்க கூடிப்போனதுதான் வினையே."

"என்னம்மா சொல்ற?"

"முதுகெலும்புக்கு உள்ளார ஒரு நரம்பு ஓடுது, கயிறு மாதிரி. எலும்பு உடைஞ்சா ஒட்ட வைக்கலாம். அந்தக் கயிறு அறுந்தா ஒட்டாது. விழுந்த ஆளை மடக்கித் தூக்குனீங்கன்னா, உடைஞ்ச எலும்பே கத்தியாப் போய் அதை அறுத்துடும். கழுத்தை, முதுகை அசைக்காம அப்படியே வச்சு, பலகையோட வர்ற ஆம்புலன்ஸைக் கூப்பிடணும். இதை நான் தினம் ஒருத்தருக்குச் சொல்றேன். எல்லாரும் தூக்கிட்டு வந்தப்புறந்தான் கேக்குறாங்க."

வீரய்யாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு செல்லச்சாமி ஞாயிற்றுக்கிழமை தோறும் மஹய்யாவையிலேயே இருக்கும் அவர் வீட்டுக்குப் போவார். படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார். மூத்திரப் பையை மாற்றுவார். சேனைக்கிழங்கு மூட்டையை எறிந்து பிடித்த அந்தக் கால்கள் இரண்டும் ஈர்க்குச்சியாக மெலிந்து போனதைப் பார்ப்பார். வீட்டுக்குத் திரும்பும்போது படிக்கட்டில் நின்று தன் கால் பெருவிரலை ஒருதரம் அசைத்துப் பார்த்துக்கொள்வார். பயம் என்றால் என்ன என்று அவருக்குத் தெரிந்தது அந்தப் படிக்கட்டில்தான்.

டீசலுக்கு வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்ற தட்டுப்பாடு ஓய்ந்து அடுத்த வருஷம் அது. றிஸ்வி லைசன் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. பட்டா என்கிற அந்தச் சின்ன லொறி அவன் கையில் பம்பரம். இருபத்தொரு வயது. கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் உம்மா உம்மு குல்சுமோடு இருந்தான். வாப்பா மௌத்தாகி மண்ணுக்குப் போய்ப் பத்து வருஷம். கண்டியில் சரக்கு ஏற்றிக்கொண்டு போய்க் கெலிஓயாக் கடைகளுக்குப் போடுவது அவன் வேலை. இறக்குவதற்குச் செல்லச்சாமி கூடப் போவார்.

அன்றைக்குப் பின்னேரம் கெலிஓயாவில் கிரிக்கெட் மேட்ச். பொடியனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. செல்லச்சாமி கிழங்கு மூட்டைகளுக்கு மேல் படங்கு என்கிற தார்ப்பாயைப் போர்த்தி, கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

"போதும் செல்லண்ணே, கெலிஓயாவுக்குத்தானே போற. அமெரிக்காவுக்கா?"

"கட்டாத சுமை சுமையில்லடா."

ஏறி உட்கார்ந்ததும் சீட் பெல்ட்டையும் இழுத்து மாட்டினார். அது பொலிஸுக்குப் பயந்து மாட்டியதில்லை. எதையும் கட்டாமல் அவருக்குப் பிரயாணம் பழக்கமில்லை, அவ்வளவுதான்.

றிஸ்வி சிரித்தான். "உங்களையே மூட்டையாக் கட்டிக்கிட்டீங்களா?"

"நீ?"

"எனக்கு நெஞ்சை அமுக்குது. பொலிஸைக் கண்டா போட்டுக்குவேன்." சொன்னபடியே செய்தான். பேராதனையில் பொலிஸ்காரர் நிற்பதைக் கண்டதும் பெல்ட்டை இழுத்துத் தோளுக்குக் குறுக்கே ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கோட் போட்ட மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தான். தாண்டியதும் கையை விட்டான். பெல்ட் சர்ரென்று சுருண்டு போய் ஒட்டிக்கொண்டது. செல்லச்சாமிக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கெட்டித்தனத்தை மெச்சவும் செய்தார்.

தூறல் தொடங்கியது. காய்ந்து கிடந்த ரோட்டில் முதல் தூறல் விழுந்தால் எண்ணெய் தடவிய தோசைக்கல் மாதிரி. முன்னால் கம்பளை பஸ் ஒன்று, பின்புறம் முழுக்கக் கறுப்புப் புகை. இரண்டுதரம் வெளியே எட்டிப் பார்த்தான் றிஸ்வி. மூன்றாந்தரம் பஸ்ஸை முந்த வளைவிலேயே லொறியை வெளியே எடுத்துவிட்டான்.

"டேய், வளைவுடா!"

எதிரே ஒரு ஸ்கூல் வேன். வெள்ளைச் சீருடைகள் ஜன்னல் நிறைய. றிஸ்வி ஸ்டியரிங்கை இடதுபக்கம் ஒடித்து பிரேக்கை மிதித்தான். வேன் தப்பியது. பஸ்ஸும் தப்பியது. லொறி மட்டும் தன் இஷ்டத்துக்கு வழுக்கிக்கொண்டு போய், வீதியோர மதகுச் சுவரில் மோதிச் சுழன்று நின்றது.

செல்லச்சாமியின் நெஞ்சில் பெல்ட் கத்தியாக இறங்கியது. மூச்சு வந்ததும் முதலில் பின்னால் பார்த்தார், தொழில் புத்தி. படங்கு அப்படியே இருந்தது. ஒரு கிழங்குகூட உருளவில்லை. பிறகுதான் பக்கத்தில் பார்த்தார். டிரைவர் சீட் வெறுமையாக இருந்தது. கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது.

அந்த லொறியில் கட்டாத ஒரே சாமான் அந்தப் பொடியன்.

ரோட்டோரப் புல்லில் மல்லாக்கக் கிடந்தான். நெற்றியில் சின்னக் காயம், மூச்சு ஓடியது, கண் திறந்திருந்தது. ஒரு செருப்பைக் காணவில்லை. செல்லச்சாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடினார். ஓடும்போதே அவர் இரண்டு கையும் தானாக விரிந்தன, குனிந்து தூக்குவதற்கு. நாற்பத்தைந்து வருஷப் பழக்கம். முட்டி மடங்கி, விரல்கள் பொடியனின் தோளுக்கடியில் போய்விட்டன.

"செல்லண்ணே, என்ட கால் எங்க?" என்றான் றிஸ்வி.

கை அப்படியே நின்றது.

"காலு இருக்குடா. நல்லாத்தான் இருக்கு."

"பொய் சொல்லாதீங்க. காலைக் காணல்ல. காலு இல்ல எனக்கு."

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வீரய்யா வாய்விட்டுச் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான். அவர் கையை மெதுவாக உருவினார். ஈரப்புல்லில் பொடியனின் தலைமாட்டில் மண்டியிட்டார். இரண்டு உள்ளங்கையையும் அவன் காதுகளோடு சேர்த்து, தலை எந்தப் பக்கமும் திரும்பாமல் பிடித்துக்கொண்டார்.

பஸ் நின்று ஜனம் இறங்கியது. அரை நிமிஷத்தில் இருபது பேர். "உஸ்ஸன்ட! உஸ்ஸன்ட!" தூக்கு, தூக்கு என்று சிங்களத்தில் ஒருவர். "பஸ்ஸில ஏத்துங்க" என்று தமிழில் இன்னொருவர். கால்மாட்டில் இரண்டு பேர் குனிந்தேவிட்டார்கள்.

"எப்பா! எப்பா! வேணாம்! யாரும் தொடாதீங்க! ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க!" சிங்களத்தில் எப்பா என்றாலும் வேணாம்தான், இரண்டு பாஷையிலும் கத்தினார் செல்லச்சாமி.

அந்தக் குரலைக் கேட்டு ஒரு கணம் நின்றார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒரு பெண் போனை எடுத்து, இடத்தைச் சொல்லிக் கூப்பிட்டாள். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். கிழவனுக்கு அடிபட்டதில் புத்தி கலங்கிப் போச்சு என்றார் ஒருவர். செல்லச்சாமியை அடையாளம் கண்ட ஒரு மார்க்கெட்டுக்காரன், "இது நம்ம நாட்டாமி செல்லண்ணே இல்ல? அலுமாரியே தூக்குற ஆளு, இந்தச் சின்னப் பொடியனைத் தூக்க மாட்டேங்குறாரே?" என்றான்.

மழை கனத்தது. லொறிக்கு அடியிலிருந்து டீசல் சொட்டும் நாற்றம். யாரோ ஒருவன் கூட்டத்தில் நின்று சிகரெட் பற்ற வைக்கப் போனான். "அணைடா மூதேவி! லொறிச் சாவியை யாராவது திருகி எடுங்க!" என்று கத்தினார். நெருப்புப் பிடித்தால் வேறு கணக்கு. அப்போது உயிர்தான் முதலில், சட்டையைப் பிடித்தாவது இழுத்துவிட வேண்டும். எந்தப் பக்கம் இழுப்பது என்று கண்ணாலேயே வழி பார்த்து வைத்துக்கொண்டார். ஒருவன் சாவியை எடுத்தான். நெருப்பு வரவில்லை. ஆனால் வருமா வருமா என்று பார்த்துக்கொண்டே, தலையை விடாமல் இருப்பது இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது.

"செல்லண்ணே, தூக்குங்க செல்லண்ணே" என்று றிஸ்வி அழ ஆரம்பித்தான். "நீங்க எல்லாத்தையும் தூக்குவீங்கதானே. என்னையத் தூக்குங்க. குளிருது."

"கொஞ்சம் பொறுடா தங்கம். தலையை ஆட்டாத. என்னைப் பாரு. வானத்தைப் பாக்காத, என் மூஞ்சியப் பாரு."

"உங்கட மூஞ்சி தலைகீழாத் தெரியுது."

"நேராப் பாத்தாலும் அப்படித்தான்டா இருக்கும்."

அப்போதுதான் ஒரு திரீவீலர் கிறீச்சிட்டு நின்றது. கெலிஓயா ஸ்டாண்டில் ஓட்டுகிற முஹ்ஸின். உம்மு குல்சுமின் கூடப்பிறந்த மூத்த நானா, றிஸ்விக்குத் தாய்மாமன். செய்தி எப்படியோ எட்டி ஓடி வந்திருக்கிறான். மருமகனைக் கண்டதும் வாயில் வார்த்தை வரவில்லை. நேரே வந்து இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்தான்.

"விடுங்க! என்ட தங்கச்சிட மகன்! இத்தனை பேர் நின்டு படம் பாக்கிறீங்களா? வண்டியில ஏத்துங்க!"

செல்லச்சாமியால் தலையை விட முடியாது. விட்டால்தான் அவனைத் தடுக்கலாம், விட்டால் கழுத்து திரும்பிவிடும். வாய் ஒன்றுதான் மிச்சம்.

"முஹ்ஸின் தம்பி, உங்க பிள்ளை, நான் இல்லேங்கல. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. அவன் காலைக் கிள்ளிப் பாருங்க. அப்புறம் தூக்குங்க."

"என்ன விளையாட்டா இது? புள்ளைக்கி என்னமும் ஆனா நீதான் பதில் சொல்லணும், தெரியுமா?"

"சொல்றேன். கிள்ளுங்க."

முஹ்ஸின் கோபத்தோடு பாதத்தைப் பிடித்தான். நகம் பதியக் கிள்ளினான். ரத்தம் துளிர்த்தது. "மகன், எந்தக் கால் எண்டு சொல்லுங்க பாப்பம்."

றிஸ்வி செல்லச்சாமியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்:

"கிள்ளுங்களே மாமா. ஏன் சும்மா நிக்கிறீங்க?"

முஹ்ஸின் தன் விரல் நுனியில் இருந்த ரத்தத்தைப் பார்த்தான். அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அல்லாஹ்வே. நான் தூக்கி மடக்கியிருப்பேனே."

"எந்திரிங்க தம்பி. உங்க வண்டியை ரோட்டுக்குக் குறுக்க நிப்பாட்டி லைட்டைப் போடுங்க. எவனாவது வேகமா வந்து நம்ம மேல ஏறிடப் போறான். லொறிப் படங்கை அவுத்து மழை படாம பிடிங்க."

முஹ்ஸின் எழுந்தான். சொன்னதையெல்லாம் செய்தான். நாலு பேர் நாலு மூலையில் படங்கைப் பிடித்தார்கள். அதற்கடியில் செல்லச்சாமி, இரண்டு உள்ளங்கைக்கு நடுவே ஒரு தலையோடு. ஒரு தேங்காய்ச் சாக்கின் மூலை அளவுகூட இல்லாத கனம். விலாவில் பெல்ட் பட்ட இடம் குத்தியது. முழங்கால் மரத்துப் போனது. தும்மல் வந்தது, அடக்கினார். தான் செய்வது சரிதானா என்பது அவருக்கே தெரியாது. இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே பொடியனின் மூச்சு நின்றுவிட்டால்? மார்க்கெட்டில் எந்த முகத்தோடு நடப்பது? உம்மு குல்சுமிடம் என்ன சொல்வது? உன் மகனைத் தூக்க இருபது பேர் வந்தார்கள், நான்தான் விடவில்லை என்றா?

ஆம்புலன்ஸ் வந்தபோது செல்லச்சாமி பெருமூச்சுக்கூட விடவில்லை. வந்த இளைஞன் கழுத்துக்கு ஒரு பட்டையைப் பூட்டினான். "தலையை விட்டுடாதீங்க ஐயா, நான் எண்ணும்போது எல்லாரும் சேர்ந்து திருப்பணும்" என்று சிங்களத்தில் சொன்னான். எண்ணினான். மரப்பலகையைப் புரட்டுவதுபோலத் தலை, முதுகு, இடுப்பு, கால் எல்லாம் ஒரே கோட்டில் புரண்டன. பலகை அடியில் போனது. பட்டிகளை இழுத்து இழுத்துக் கட்டினான். கட்டிய பிறகுதான் தூக்கினார்கள். செல்லச்சாமியும் ஒரு மூலையில் கை கொடுத்தார்.

கழுத்தில் இரண்டு எலும்பு உடைந்து போயிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். பெரிய டொக்டர் சிங்களத்தில் சொன்னதை அன்னலட்சுமி மிஸ்ஸிதான் வெளியே வந்து தமிழில் சொன்னாள்.

"நரம்பு நசுங்கியிருக்கு. அறுந்து போகல. வருமா வராதான்னு யாரும் சொல்ல ஏலாது. நாளாகும்."

அறுந்து போகல. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு செல்லச்சாமி தினம் மார்க்கெட் முடிந்ததும் வார்ட்டுக்குப் போனார். றிஸ்வி அட்டை மாதிரி விறைத்துக் கிடந்தான். கால் அசையவில்லை. கையும் அசையவில்லை. கடை வாசலில் ஆடிக் காட்டிய அந்தப் பத்து விரல்களும், உதிர்ந்த வாழைப்பூ மடல் மாதிரி விரிப்பின்மேல் கிடந்தன. ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட முடியவில்லை. செல்லச்சாமிதான் ஓட்டினார்.

உம்மு குல்சும் இரண்டு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு ஒருநாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அண்ணே, நீங்க அப்பவே தூக்கியிருந்தா கெதியா ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்து, இப்பிடி ஆகியிராதாம். சனம் சொல்லுது. மெய்யா?"

முஹ்ஸின் இடையில் புகுந்தான். "வாயை மூடு தங்கச்சி. நான் தூக்கப் போனவன். அவர் விட்டிருந்தா..." என்று தொடங்கி முடிக்க முடியாமல் வெளியே போய்விட்டான்.

செல்லச்சாமி குனிந்து றிஸ்வியின் விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். யாருக்குத் தெரியும்? வீரய்யாவைத் தூக்கினார்கள், அப்படி ஆனது. இவனைத் தூக்கவில்லை, இதுவும் அப்படியே ஆனால் என்ன வித்தியாசம்? அதைவிடப் பெரிய முள் ஒன்று இருந்தது. லைசனுக்குக் காசு கொடுத்தது யார்? பேராதனையில் பெல்ட்டைத் தோளில் போட்டு ஏமாற்றியதைப் பார்த்துச் சிரித்தது யார்? அந்த வாரம் கண்டி மார்க்கெட் பார்க்காததைப் பார்த்தது. செல்லச்சாமியின் தோளிலிருந்து ஒரு கரட் மூட்டை நழுவி விழுந்து சிதறியது. யாரும் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீரய்யாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார். வீரய்யா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு நீ இருந்திருந்தா என்னையும் இப்படித்தான் தூக்காம விட்டிருப்பியா?"

"இல்லடா. நான்தான் முதல் ஆளாத் தூக்கியிருப்பேன்."

"அது தெரியும்" என்று சிரித்தார் வீரய்யா. "அந்தப் பொடியனோட விரல் அசைஞ்சா என்கிட்டத்தான் முதல்ல வந்து சொல்லணும். மத்தவனுக்கு அதோட அருமை தெரியாது."

உம்மு குல்சும் தினமும் தன் தஸ்பீஹ் மாலையை மகனின் வலக்கையில் சுற்றி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஓதுவாள். ஒரு பின்னேரம் செல்லச்சாமி கட்டில் கால்மாட்டில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெருவிரலுக்குப் பக்கத்தில் இருந்த மணி ஒன்று மெல்ல உருண்டது.

"தங்கச்சி, அந்த மணி நகந்துச்சு."

"ஃபேன் காத்து அண்ணே." அவள் நிமிரவில்லை. அவளும் பலதரம் ஏமாந்தவள்.

செல்லச்சாமி போய் ஃபேனை நிறுத்தினார். பக்கத்துக் கட்டில்காரர் ஏசினார். மிஸ்ஸி வந்தாள். "றிஸ்வி தம்பி, உம்மாட மாலையை ஒருதரம் உருட்டுங்க பாப்போம்."

றிஸ்வியின் நெற்றியில் வேர்வை பூத்தது. ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. உம்மு குல்சும் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பெருவிரல் நடுங்கியது. ஒரு மணி, ஒரேயொரு மணி, விரலைத் தாண்டி அந்தப் பக்கம் விழுந்தது.

செல்லச்சாமி யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரிப் படியிறங்கி, வழியில் நிற்காமல் நேரே மஹய்யாவைக்கு நடந்தார். வீரய்யாவிடம் சொன்னார். இரண்டு கிழவர்களும் அழுதார்கள்.

அதற்காக எல்லாம் நன்றாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பயிற்சி கொடுக்கும் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தான் றிஸ்வி. நிற்கப் பழகினான், விழுந்தான், மறுபடி பழகினான். மூத்திரம் வருவதும் தெரியாத வெட்கத்தில் கூட்டாளிமாரைப் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்த நாட்களும் உண்டு. இப்போது ஒரு தடியோடு நடக்கிறான். இடக்கால் இழுக்கிறது. வண்டி ஓட்ட முடியாது. மேட்ச் இல்லை. இத்தனையும் ஒரு வளைவில் ஒரு பஸ்ஸை முந்தியதற்கு, ஒரு பெல்ட் நெஞ்சை அமுக்குகிறது என்று விட்டதற்கு. மக்கீன் முதலாளி அவனைக் கைவிடவில்லை. கடையில் கதிரை போட்டு உட்கார வைத்து, போனில் ஓடர் எடுக்கும் வேலை கொடுத்தார். லொறிக்குப் புதிதாக வந்த பொடியன் பெல்ட்டை மாட்டுகிற சத்தம் கேட்காமல் செல்லச்சாமி கதவைச் சாத்துவதில்லை. "கிழவன் பெரிய பொலிஸ்" என்று அவன் முணுமுணுப்பான். முணுமுணுக்கட்டும்.

சம்பளம் சேர்ந்த ஒருநாள் மத்தியானம், சோற்றுப் பொட்டலம் பிரிக்கிற நேரத்தில் றிஸ்வி கூப்பிட்டான்.

"செல்லண்ணே, இங்க வாங்க. கையை நீட்டுங்க."

"எதுக்குடா?"

"நீட்டுங்கண்டா நீட்டுங்க."

செல்லச்சாமி கையை நீட்டினார். றிஸ்வி சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுக் கட்டை எடுத்தான். ஐயாயிரம் நோட்டாக ஏழு தந்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும். பொடியன் எல்லாவற்றையும் ஆயிரமாக மாற்றிக்கொண்டு வந்திருந்தான். மடியில் வைத்து, வலக்கைப் பெருவிரலால் முதல் நோட்டைத் தள்ளினான். நோட்டு வரவில்லை. மறுபடி தள்ளினான். வந்தது.

"ஒண்டு."

மூட்டையோடு போனவன் மூட்டையோடு நின்றான். இரண்டு, மூன்று, நாலு. விரல் நடுங்கும், நோட்டு வளையும், நழுவப் பார்க்கும், பிடிக்கும், செல்லச்சாமியின் கையில் போய் உட்காரும். செல்லச்சாமி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார், அன்றைக்குப் படங்குக்கடியில் மண்டியிட்டிருந்த மாதிரியே. எங்கே அந்த விரல் பாதியில் ஓய்ந்துவிடுமோ என்று பயம். இருபதைத் தாண்டியபோது ஒரு நோட்டு நழுவிக் கீழே விழுந்தது. செல்லச்சாமி சட்டென்று குனிந்தார்.

"தூக்காதீங்க செல்லண்ணே!"

குனிந்தவர் அப்படியே நின்றார். றிஸ்வி கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு, தடியை ஊன்றி, மெல்லச் சாய்ந்தான். விரல்கள் நிலத்தைத் தடவின. நோட்டின் ஓரம் அகப்பட்டது, விட்டது, மறுபடி அகப்பட்டது. நிமிர்ந்து, முகத்து வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எண்ணினான். முப்பத்திமூன்று. முப்பத்திநாலு.

கடைசி நோட்டை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, விரித்திருந்த அந்தக் காய்ப்புக் காய்த்த உள்ளங்கையின் நடுவில் வைத்து, பெருவிரலால் அழுத்தினான்.

"முப்பத்தஞ்சு."